போக்கர் ஆடியது குற்றமா, கணக்கைக் கொடுத்தது குற்றமா?

கேள்வி:

வக்கீல் சார், வணக்கம். சொந்த ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். வயது 27. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மூன்று வருஷமாக ஆன்லைனில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறேன். 2025 ஆகஸ்டில் பெரிய ஆப்கள் எல்லாம் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திய பிறகு, அறை நண்பர் ஒரு வெளிநாட்டு ஆப்பில் ‘கிளப்’ ஒன்றில் சேர்த்துவிட்டார். ஏஜென்ட்டுக்கு யூபிஐயில் பணம் போட்டால், ஆட்டத்தில் பணத்துக்குப் பதில் வைக்கிற ‘சிப்ஸ்’ தருவார். ஜெயித்தால் திருப்பி அனுப்புவார். போன மாதம் ரூ.18,500 ஜெயித்தேன். மூன்று வெவ்வேறு ஆட்களின் யூபிஐயிலிருந்து வந்தது. பத்து நாளில் என் சம்பளக் கணக்கு முடங்கிவிட்டது. வெளிமாநில சைபர் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறோம் என்கிறது வங்கி. போக்கர் திறமை விளையாட்டு, கோர்ட்டே சொல்லிவிட்டது என்கிறார் நண்பர். பிறகு ஏன் முடக்கினார்கள்? கைது செய்வார்களா? ஏஜென்ட்டிடம் இன்னும் ரூ.42,000-க்கு சிப்ஸ் நிற்கிறது, கேஸ் போட்டு வாங்கலாமா? வார வட்டிக்கு ரூ.60,000 வாங்கியிருக்கிறேன், வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஊரில் மாந்தோப்பில் பொழுதுபோக்காகச் சீட்டு ஆடுவதும் தப்பா? இரண்டு தடவை ஏஜென்ட் கேட்டார் என்று வேறு ஆட்களின் பணத்தை என் கணக்கில் வாங்கி அவர் சொன்ன நம்பருக்கு அனுப்பினேன், தடவைக்கு ரூ.500 கொடுத்தார். அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி போக்கரைப் பற்றி இருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் ஐந்நூறு ரூபாய் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

நண்பர் சொன்னது பொய் இல்லை, பழசு. 1968-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுவது என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. போக்கர் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் திறமை விளையாட்டாகப் பார்த்தது, குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் சூதாட்டம் என்றது. நம் மாநிலத்தில் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2021-இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. அப்புறம் ஆன்லைன் சூதாட்டம் பற்றி நீதிபதி சந்துரு குழு தந்த அறிக்கை, அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்து, 2023 ஏப்ரலில் இப்போதைய தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக இருந்தன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டை மட்டும் தூக்கியது. உங்கள் நண்பரின் சட்ட அறிவு அந்த நாளோடு நின்றுவிட்டது.

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தத் திறமையா, அதிர்ஷ்டமா பட்டிமன்றத்தையே கலைத்துவிட்டது. பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடுவது எதுவானாலும் அது ‘பண விளையாட்டு’. திறமையா என்ற கேள்வியே கிடையாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. வழக்குப் போட்டவர்களின் வாதத்தை நம்பி நீங்கள் சிப்ஸ் வாங்க முடியாது.

சரி, ஆடியவருக்கு என்ன? மத்தியச் சட்டம் வெறுமனே ஆடியவரைத் தண்டிக்கவில்லை. மாநிலச் சட்டம் அப்படி விடவில்லை: ஆன்லைனில் அதிர்ஷ்ட விளையாட்டைப் பணம் வைத்து ஆடினால் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். போக்கர் மட்டும்தான் ஆடினேன் என்றால் 2023 தீர்ப்பு உங்களுக்குக் கை கொடுக்கும். ஆனால் இந்த மாதிரி ஆப்களில் பக்கத்து டேபிலேயே ஸ்லாட், கலர் பிரிடிக்‌ஷன், அந்தர் பாஹர் எல்லாம் இருக்கும். அந்தர் பாஹர் வேறொன்றுமில்லை, திருவிழாவில் ஆடுகிற நம்ம ‘உள்ளே வெளியே’தான். அதில் விரல் வைத்திருந்தால் வக்கீலிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். ஆக, வெறும் போக்கர் ஆடியதற்காக விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாய்.

உங்கள் கணக்கு போக்கருக்காக முடங்கியிருக்காது. எனக்குத் தெரிந்து வழக்கமாக நடப்பது இது. ஏதோ ஓர் ஊரில் ஒருவர் போலி ஷேர் டிரேடிங்கில் பணத்தைப் பறிகொடுத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாக ஓடியது என்று போலீஸ் பின்தொடர்கிறது. முதல் கணக்கு, இரண்டாவது, மூன்றாவது என்று போய் வழியில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறது. உங்கள் ஏஜென்ட் உங்களுக்குத் தந்தது அவர் சொந்தப் பணம் இல்லை. யாரிடமிருந்தோ வரவேண்டியதை நேராக உங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அதனால்தான் மூன்று பெயர் தெரியாத யூபிஐ. அதில் ஒன்று திருட்டுப் பணமாக இருந்தால் போதும்.

இது அப்பாவிகளுக்கும் நடக்கிறது. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விற்கும் ஒருவர் போன வருஷம் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தார். வெளியூர் வியாபாரி ஒருவர் யூபிஐயில் போட்ட பணம் கறைபட்ட பணம். அவர் மஞ்சள் துணிப்பை ஒன்றைக் கவிழ்த்தார்: மண்டிச் சீட்டு, எத்தனை பெட்டி, என்ன விலை, லாரி நம்பர் எல்லாம் பென்சிலில் எழுதியது, ஓரத்தில் தக்காளிச் சாறு கறை. அந்தச் சீட்டுகள்தான் அவரைக் காப்பாற்றின. இந்தப் பணம் எதற்காக வந்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதில் சிப்ஸ் எண்ணிக்கை. ஜெயித்த ரூ.18,500-க்காவது அதைக் காட்டி, திருட்டுப் பணம் என்று தெரியாமல் வாங்கினேன் எனலாம். திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்துக்குத் தெரிந்தே வாங்கியிருக்க வேண்டும், அல்லது நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். ஆனால் கமிஷன் வாங்கிக்கொண்டு இன்னொருவர் பணத்தைக் கைமாற்றிவிட்ட இரண்டு தடவைக்கு என்ன சொல்வீர்கள்? மத்தியச் சட்டம் பண விளையாட்டுக்குப் பணப் பரிமாற்றம் செய்துகொடுப்பவரை, அது வங்கியோ தனி ஆளோ, நடத்துபவருக்கு நிகராக வைத்திருக்கிறது. அதே 3 ஆண்டு, அதே ஒரு கோடி. குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவும் இருக்கிறது: கும்பலாகச் சேர்ந்து அனுமதியற்ற சூதாட்டம் நடத்தினால் 1 முதல் 7 ஆண்டு. ஏஜென்ட்டின் கும்பலில் ஒருவராக உங்களைக் காட்டிவிட இந்த இரண்டு ஐந்நூறு போதும். ஆடியவராக இருந்தவர் ஆட்டுவித்தவர் பக்கம் தள்ளப்படுகிற இடம் இதுதான்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஆப்பை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீர்கள், ஏஜென்ட்டோடு சண்டையும் வேண்டாம். அழித்தால் உங்களுக்குச் சாதகமான ஆதாரமும் சேர்ந்து போகும்.

அடுத்து வங்கி. கவுன்ட்டரில் வாயால் சொல்வதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை பற்றிய புகார், குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் ‘லீன்’ போட்டிருக்கிறார்களா, மொத்தக் கணக்கையும் ‘ஃப்ரீஸ்’ செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். புகார் சில ஆயிரத்துக்கு என்றால் மொத்தச் சம்பளத்தையும் பிடித்துவைக்க நியாயம் இல்லை. தொகையைக் கணக்கிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. பதில் வந்ததும் அந்தக் காவல் நிலைய விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதி அனுப்பிவிடாதீர்கள். அந்த இரண்டு பரிமாற்றம் பற்றி என்ன எழுதுவது என்பதை ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பொய் மட்டும் எழுதக் கூடாது. யூபிஐயில் எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது.

அவர்கள் அசையவில்லை என்றால் இரண்டு வழி. முடக்கியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 106-ஆம் பிரிவு. அந்த மாஜிஸ்திரேட்டிடம் 503-ஆம் பிரிவில் விடுவிக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கு அந்த ஊருக்குப் போய்வர வேண்டும். கணக்கு ஓசூரில் இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதும் உண்டு. செலவைக் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். முப்பதாயிரத்தை மீட்க நாற்பதாயிரம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்குள் கம்பெனி ஹெச்.ஆரிடம் சொல்லி அடுத்த மாதச் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்தாயிரம் கொடுத்தால் ஃப்ரீஸை எடுத்துத்தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

ஏஜென்ட்டிடம் நிற்கும் ரூ.42,000-ஐ மறந்துவிடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 30-ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. திறமை விளையாட்டு, பந்தயமே இல்லை என்று வாதாடலாம் என்று நினைத்தால், சட்டம் தடைசெய்த காரியத்துக்கான ஒப்பந்தம் என்று 23-ஆம் பிரிவு குறுக்கே வரும்.

வட்டிக் கடன் அப்படி இல்லை. சூதாட வாங்கினேன், அதனால் திருப்பித்தர வேண்டாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பந்தயம் செல்லாதது என்றாலும் அதையொட்டி வாங்கிய கடன் தானாகச் செல்லாமல் போகாது என்பது 1959-லிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை. அசலைக் கொடுக்கத்தான் வேண்டும். வார வட்டி கதை வேறு. 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அநியாய வட்டி வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. கடன்பட்டவர் பணத்தை நீதிமன்றத்திலேயே கட்டவும் அதில் வழி இருக்கிறது. இதுவரை கொடுத்ததை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். கையில் கொடுத்திருந்தால் யார் கூட இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வெற்று புரோநோட்டு அவரிடம் இருக்கும்வரை இந்த நோட்டுதான் உங்கள் ஆயுதம்.

மாந்தோப்புச் சீட்டுக்கு 1930-இன் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம்தான். திறமையால் ஆடுவதை அதன் 11-ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. ரம்மி ஆடிவிட்டு எழுந்து போனால் ஒன்றுமில்லை. தோப்புக்காரர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ‘கட்’ எடுத்தால் தோப்பு சூதாட்ட விடுதி ஆகிவிடும். மூணு சீட்டு, மங்காத்தா என்றால் எப்படியும் வம்புதான். பெங்களூரா மாங்காய் சீசனில் தோப்புக்குள் ஓடி வழுக்கி விழுந்து, கை ஒடிந்து, கட்டோடு கோர்ட்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அபராதத்தைவிட அவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு அதிகம்.

இன்னொன்று. 2023-லிருந்து 2025 வரை பழைய ஆப்களில் ஜெயித்ததற்கு 30 சதவீதம் வரி பிடித்திருப்பார்கள். வருமான வரி இணையத்தில், உங்களிடம் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். அதில் காட்டியிருந்து நீங்கள் ரிட்டர்ன் போடவில்லை என்றால் அதையும் சரிசெய்ய வேண்டும். வரும்போது அதையும் கொண்டுவாருங்கள்.

போலீஸ் நோட்டீஸ் வரலாம். அதே குற்ற நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு என்றால் ஆவணம் கேட்கிறார்கள், 35(3) என்றால் நேரில் வரச்சொல்கிறார்கள். இரண்டையும் கிடப்பில் போடாதீர்கள், வந்த அன்றே என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டுங்கள். வீடியோ காலில் யூனிபார்மோடு வந்து கைது செய்துவிட்டேன் என்பவன் போலீஸ் இல்லை. நிஜ நோட்டீஸ் பெரும்பாலும் ஓசூர் அறைக்கு வராது, வங்கியில் நீங்கள் கொடுத்திருக்கும் ஆதார் முகவரிக்குத்தான் வரும், அதாவது காவேரிப்பட்டினம் வீட்டுக்கு. நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது போஸ்ட்மேனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது உங்கள் அப்பா. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள்.