லேப்டாப்பில் 4,000, மும்பை சர்வரில் 620: லோடு டெஸ்ட் கேள்வி பதில்

லோடு டெஸ்ட் (ஒரே நேரத்தில் நிறைய ரிக்வெஸ்ட் வந்தால் சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது) பற்றிச் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சொந்த மெஷினில் வந்த த்ரூபுட் (நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் முடிகிறது என்ற எண்) வெளியே போனால் வருவதில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. இந்தக் குழப்பத்தில் எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் போகிறது என்று தெரியும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, என் ஏபிஐயை லேப்டாப்பிலேயே ஓட்டி ஜேமீட்டர் என்ற லோடு அனுப்பும் கருவியில் 20 த்ரெட் வைத்தால் நொடிக்கு 4,000 ரிக்வெஸ்ட் போகிறது. அதே கோடை மும்பை கிளவுடில் ஏற்றிவிட்டுச் சென்னையிலிருந்து ஓட்டினால் 620தான். சர்வர் பத்தவில்லையா? பெரிய மெஷினாக எடுக்கட்டுமா?

காசு செலவழிக்காதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய படத்திலேயே பதில் இருக்கிறது: பிங் (ஒரு சிறு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 27 மில்லிசெகண்ட்.

ஜேமீட்டரில் ஒரு த்ரெட் (ஒரு போலிப் பயனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை சும்மா நிற்கும். லேப்டாப்பில் 20 த்ரெட்டுக்கு 4,000 என்றால், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 5 மில்லிசெகண்ட். மும்பைக்குப் போய்வர 27 சேர்த்தால் 32. இப்போது 20-ஐ 0.032-ஆல் வகுத்துப் பாருங்கள், 625. உங்களுக்கு வந்தது 620. உங்கள் சர்வர் கொஞ்சம்கூட வேகம் குறையவில்லை. த்ரெட்டுகள்தான் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளின் எண்ணிக்கை, த்ரூபுட்டையும் பதில் நேரத்தையும் பெருக்கினால் வருவது. பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. டெஸ்ட் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். தூரத்தைக் குறைக்க வழியும் இல்லை. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்; 1,000 கிலோமீட்டர் போய்வரவே 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு.

ஒரு பழைய வேலையிடத்தில் இதற்காகவே ரிலீஸ் இரண்டு நாள் நின்றது. டேட்டாபேஸ் குழுவைக் கூப்பிட்டு இண்டெக்ஸ் எல்லாம் மாற்றச் சொன்னார்கள். எண் அசையவே இல்லை. சர்வரில் சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் என்ற கருவி ஓடிக்கொண்டிருந்த ஜன்னலைப் பார்த்தேன். சிபியு 9 சதவீதம். டெஸ்ட் முழு வேகத்தில் ஓடுகிறது, சர்வர் சும்மா இருக்கிறது. அந்த 9-ஐப் பார்த்த பிறகுதான் பிங் போட்டேன். அந்த இரண்டு நாளும் திட்டு வாங்கியவர்கள் டேட்டாபேஸ்காரர்கள். அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: அப்படியானால் த்ரெட்டைக் கூட்டினால் 4,000 வந்துவிடுமா?

கணக்குப்படி 128 த்ரெட் போதும்: 4,000-ஐ 0.032-ஆல் பெருக்குங்கள். சர்வருக்கு அந்தத் தெம்பு இருந்தால் வரும். ஆனால் ஜேமீட்டரின் திரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். திட்டத்தை எழுதவும் சரிபார்க்கவும்தான் அந்த ஜன்னல். நிஜ டெஸ்ட்டைக் கமாண்ட் லைனில் ஓட்டுங்கள். ஒவ்வொரு பதிலையும் மரம்போல் காட்டும் லிசனரை அணைத்துவிடுங்கள், அது மெமரியைத் தின்றுவிடும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர் மேடம். லேப்டாப்பில் 900, அலுவலகத்தின் இன்னொரு மெஷினிலிருந்து அடித்தால் 1,700. தூரம் கூடினால் குறையத்தானே வேண்டும்?

உங்கள் லேப்டாப்பில் சர்வர், டேட்டாபேஸ், லோடு அனுப்பும் கருவி மூன்றும் ஒரே சிபியுவுக்கு அடித்துக்கொள்கின்றன. கருவியை வெளியே எடுத்ததும் சர்வருக்கு மூச்சு கிடைத்தது. ஒரே அலுவலக நெட்வொர்க்கில் (லேன்) பிங் 1 மில்லிசெகண்டுக்கும் கீழே இருக்கும் என்பதால் தூரத்தால் பெரிய நஷ்டமும் இல்லை. லேப்டாப்பிலேயே அளந்தாக வேண்டுமென்றால், லினக்ஸின் டாஸ்க்செட் கொண்டு சர்வருக்குச் சில கோர்களையும் கருவிக்குச் சில கோர்களையும் பிரித்துக் கொடுங்கள். பேட்டரியில் சிபியு வேகம் குறையலாம், சார்ஜரையும் செருகிவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் ஒருவர் எழுதிய பைதான் ஸ்கிரிப்ட்டை வைத்து டெஸ்ட் செய்கிறேன். என் மெஷினுக்குள் எவ்வளவு நேரமும் ஓடுகிறது. வெளி சர்வருக்கு அடித்தால் சுமார் 28,000 ரிக்வெஸ்ட்டில் "முகவரி ஒதுக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறது. ஃபயர்வாலா?

இந்த 28,000 என்ற எண்ணைச் சொன்னதற்கு நன்றி, அதுவே துப்பு. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுக் கனெக்ஷன் திறந்து மூடுகிறது. லினக்ஸ் வெளியே போகும் கனெக்ஷன்களுக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரை உள்ள போர்ட்டுகளை (கனெக்ஷனுக்கு ஒதுக்கும் எண்கள்) தருகிறது. மொத்தம் 28,232. மூடிய கனெக்ஷன், மூடிய பக்கத்தில் 60 நொடி டைம்-வெயிட் நிலையில் கிடக்கும்; அதுவரை அந்தப் போர்ட் அதே சர்வருக்குத் திரும்பக் கிடைக்காது. ஆகவே ஒரே சர்வர் முகவரிக்கு நொடிக்குச் சுமார் 470 புதுக் கனெக்ஷனுக்கு மேல் தொடர்ந்து போக முடியாது.

சொந்த மெஷினுக்குள் மட்டும் ஏன் ஓடுகிறது? டைம்-வெயிட்டில் கிடக்கும் போர்ட்டைச் சீக்கிரமே மறுபடி பயன்படுத்தலாம் என்ற சலுகையைப் புதிய லினக்ஸ் கர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) லூப்பேக்குக்கு, அதாவது மெஷின் தனக்குத்தானே பேசும் வழிக்கு, மட்டும் தருகின்றன. உள்ளே ஓடியது அந்தச் சலுகையால்தான்.

கர்னல் அமைப்பில் கை வைக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டில் செஷன் ஒன்றைத் திறந்து, கீப்-அலைவ் (கனெக்ஷனை மூடாமல் வைத்திருப்பது) வைத்து அதையே மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். வேகமும் கூடும். புதுக் கனெக்ஷன் என்றால் டிசிபி கைகுலுக்க ஒருமுறை, டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்புக் குறியாக்கத்துக்கு ஒருமுறை, ரிக்வெஸ்ட்டுக்கு ஒருமுறை என மூன்று தடவை போய்வர வேண்டும். 27 மில்லிசெகண்ட் தூரத்தில் அது 81.

கேள்வி: எத்தனை பயனரைக் கூட்டினாலும் நொடிக்கு 150-ஐத் தாண்டவே இல்லை. பதில் ஒவ்வொன்றும் 80 கேபி. வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ்.

100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. அதை 80 கேபியால் வகுத்தால் 156. குழாய் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். லூப்பேக்கில் நெட்வொர்க் கார்டே கிடையாது, அதனால் அங்கே இது தெரியாது. ஒன்று பாருங்கள்: சுருக்கிய பதிலைக் கேட்கும் ஹெடரை ஜேமீட்டர் தானாகச் சேர்ப்பதில்லை. பிரௌசர் சேர்க்கும். ஹெடர் மேனேஜரில் ஜிசிப் என்ற சுருக்கும் முறையைச் சேர்த்தால் உங்கள் 80 கேபி நன்றாகவே இறங்கும்.

கேள்வி: ஜேமீட்டரை மூன்று ரிமோட் மெஷின்களில் ஓட்டினேன். 200 பயனர் கொடுத்தேன், சர்வர் விழுந்துவிட்டது. தனியாக ஓட்டியபோது 200 தாங்கியதே?

நீங்கள் அனுப்பியது 600. ரிமோட் முறையில் திட்டம் பங்கு பிரிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மெஷினும் முழுத் திட்டத்தையும் ஓட்டும்.

கேள்வி: கடைசியில் மேனேஜரிடம் எந்த எண்ணைச் சொல்வது சார்?

(சார் இல்லை, அக்கா!) சர்வர் எவ்வளவு தாங்கும் என்பது ஒரு கேள்வி. பயனர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குக் கருவியை சர்வர் இருக்கும் ரீஜியனிலேயே (கிளவுடில் அதே பகுதியில்), தனி மெஷினில் வையுங்கள். இரண்டாவதுக்குப் பயனர் இருக்கும் ஊரிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டையும் ஒரே எண்ணாக்கிச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். த்ரெட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, நொடிக்கு இத்தனை ரிக்வெஸ்ட் என்று நிலையாக அனுப்புங்கள். கே6, டபிள்யுஆர்கே2 என்ற லோடு கருவிகள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. சர்வர் ஒரு நொடி உறைந்துபோனால் 20 த்ரெட் முறையில் 20 ரிக்வெஸ்ட்தான் மோசமாகப் பதிவாகும், ஏனென்றால் மற்றவை புறப்படவே இல்லை. நொடிக்கு 600 அனுப்பினால் 600-ம் அந்த வலியைக் காட்டும். நிஜப் பயனர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதில்லை. மென்பொருள் பொறியாளர் கில் டெனே இந்தக் கோளாறுக்கு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தார். பலருடைய ரிப்போர்ட்டில் இது ஒளிந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள்.

கேள்வி: கிளவுடுக்குக் காசில்லை, மாணவன். லேப்டாப்பிலேயே தூரத்தை உருவாக்க முடியுமா?

முடியும் தம்பி. லினக்ஸில் நெட்வொர்க் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் இருக்கிறது. லூப்பேக்கில் தாமதம் சேர்த்தால் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை விழும். 30 மில்லிசெகண்ட் வேண்டுமென்றால் 15 கொடுங்கள். லூப்பேக்கின் பாக்கெட் அளவு 65,536 பைட் இருக்கும், அதை 1,500-ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். பிங் போட்டு 30 வருகிறதா என்று பார்த்த பிறகே டெஸ்ட்டை ஆரம்பியுங்கள். முடிந்ததும் அந்த விதியை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் உங்கள் டேட்டாபேஸ் ஏன் இப்படி மெதுவாகிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.