எருமை அவகாசம் தராது

கேள்வி: டர்பனில் இருக்கும் என் சம்பந்தி, காட்டெருமை வேட்டைக்கு 1898-ஆம் ஆண்டு ஜெர்மன் மாசர் அமைப்பில் உள்ள, போல்ட் எனும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிதான் வேண்டும் என்கிறார். பழைமை மோகம்தானே? – வாசகர், ஈரோடு

பதில்: மோகமில்லை, உயிர்ப் பயம். மாசரின் அகன்ற கொக்கி, தோட்டா மேலெழும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னுக்கு இழுத்தாலும், அந்தத் தோட்டா வெளியே வந்து விழுந்துவிடும். அடுத்தது அதன்மேல் முட்டி அடைத்துக்கொள்ளாது. மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு நானே இழுத்துப் பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் சிக்கவில்லை. தோட்டாவுக்கு, 1912-இல் வந்த .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) ரகம் போதும். 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம் குண்டு. அதைவிடப் பெரிய .458 ரகத் துப்பாக்கியை வாங்கிவிட்டு, சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிற சூரர்களும் உண்டு. உங்கள் சம்பந்தி எந்த ரகம்?