கடோலினியம்-கோபால்ட் படலத்தைக் குளிர்வித்தால் காந்தமாக்கம் எதிர்மறையாகிறதே, கருவிக் கோளாறா?

100 ஆர்ஸ்டெட் காந்தப்புலத்தில் படலத்தைக் குளிர்வித்திருக்கிறீர்கள். காந்தமாக்கம் குறைந்துகொண்டே வந்து, 150 கெல்வின் அருகே சுழியைத் தொட்டு, அதற்குக் கீழே எதிர்மறையாகியிருக்கிறது. கருவியைத் திட்டாதீர்கள், படலம் அநேகமாக நன்றாகவே வந்திருக்கிறது.

குளிரக் குளிரக் காந்தம் வலுக்கும் என்பது இரும்பு, நிக்கலுக்குச் சரி. உங்கள் படலத்தில் நடப்பது கயிறு இழுக்கும் போட்டி. கோபால்ட் அணுக்கள் ஒரு பக்கம் இழுக்க, கடோலினியம் அணுக்கள் நேர் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. கோபால்ட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் அறை வெப்பநிலையிலும் அவற்றின் வரிசை அதிகம் கலைவதில்லை. கடோலினியத்தின் 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவுக்குள் ஆழத்தில் கிடப்பவை, பிணைப்பு பலவீனம். சூட்டில் எளிதில் கலையும், குளிரில் வேகமாக வரிசைக்கு வரும். முழுசாக வரிசைப்பட்டால் அணுவுக்கு 7 போர் மேக்னட்டான் (அணுவின் காந்த வலுவை அளக்கும் அலகு). கோபால்ட்டுக்குத் தனி உலோகத்திலேயே சுமார் 1.7தான். அதனால்தான் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு கடோலினியமே அதற்கு ஈடுகொடுத்துவிடுகிறது. இரண்டும் சமமாகிற இடம் ஈடுசெய் வெப்பநிலை. கலவை ஒரு சதவீதம் மாறினாலே அது பல பத்து கெல்வின் நகர்ந்துவிடும்.

சரி, பூஜ்ஜியம் புரிகிறது, எதிர்மறை ஏன்? அந்த இடத்தில் நிகரக் காந்தமாக்கம் இல்லாததால் புலத்துக்குப் பிடிமானமே கிடைக்காது, கோயர்சிவிட்டி (காந்தமாக்கத்தைத் திருப்பத் தேவையான புலம்) எகிறிவிடும். உங்கள் 100 ஆர்ஸ்டெட்டால் எதையும் திருப்ப முடியவில்லை. கோபால்ட் பழைய திசையிலேயே நிற்க, ஜெயித்த கடோலினியம் புலத்துக்கு எதிராக நிற்கிறது. இதையே சில டெஸ்லாவில், அதாவது பல்லாயிரம் ஆர்ஸ்டெட்டில், அளந்து பாருங்கள். மொத்தமும் புரண்டுகொள்ளும், வளைவு கீழிறங்கி மறுபடி மேலேறும்.

உறுதிப்படுத்த எனக்குப் பிடித்த வழி அசாதாரண ஹால் அளவீடு, அதாவது படலத்தில் மின்னோட்டம் செலுத்தி, அதன் காந்தமாக்கத்தால் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளப்பது. காந்தமானி நிகரத் தொகையை மட்டும் காட்டும். ஹால் மின்னழுத்தமோ பெரும்பாலும் கோபால்ட்டின் பேச்சைத்தான் கேட்கும். புலத்தை ஏற்றி இறக்கி அளக்கும் மூடிய வளைவை, அதாவது கண்ணியை, 150 கெல்வினுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுங்கள். இரண்டாவது தலைகீழாக வந்தால் சந்தேகமே வேண்டாம். காந்தமானிக் கண்ணி இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கருவி செய்யும் குறும்பு வேறு மாதிரி. மீக்கடத்திக் காந்தத்தை முன்பு பல டெஸ்லாவுக்கு ஏற்றி இறக்கியிருந்தால், உள்ளே சில பத்து ஆர்ஸ்டெட் எதிர்ப்புலம் தங்கியிருக்கும். அப்போது திரையில் 10 ஆர்ஸ்டெட் என்று காட்டினாலும் மாதிரி உணர்வது எதிர்மறைப் புலத்தை. ஆனால் அப்படியானால் வளைவு தொடக்கத்திலிருந்தே எதிர்மறையாக இருக்கும், நடுவில் கடக்காது. 50 கெல்வினை ஒட்டி ஒரு சின்ன மேடு தெரிந்தால் அது மாதிரி அறைக்குள் புகுந்து உறைந்த ஆக்ஸிஜன். படலம் படிந்திருக்கும் அடித்தளத்தின் பங்கைக் கழிக்காமல் விட்டால் சுழி கடக்கும் இடமே கொஞ்சம் தள்ளித் தெரியும்.

அப்புறம், மேலே டான்டலமோ பிளாட்டினமோ பூசியிருக்கிறீர்களா? கடோலினியம் காற்றில் சட்டென்று ஆக்ஸிஜனேற்றம் அடையும். மூடாத படலத்தைச் சில வாரம் கழித்து அளந்தால் உங்கள் 150 கெல்வின் வேறெங்கோ போயிருக்கும்.