லண்டனில் காலை உணவுக்கும் பிரஞ்சுக்கும் (brunch, காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு) உங்களுக்குப் பிடித்த இடங்கள் எவை?

அப்பா அம்மாவோடு ஐந்து நாள் வருகிறேன், இன்ஸ்டாவில் வருகிற மாதிரி நல்ல பிரஞ்ச் இடங்கள் வேண்டும் என்று கேள்வியில் விவரம் போட்டிருக்கிறீர்கள். யாருக்கோ பட்டமளிப்பு விழா என்று நினைக்கிறேன். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்தே நாள் லண்டன் வருகிறவர்கள் வேறு எதற்கு வரப்போகிறார்கள்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ஓடிவிடுகிறவர்களுக்காக. ஒரு நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ரீஜன்சி கஃபே. ஒரு நாள் பெத்னல் கிரீனில் ஈ. பெல்லிச்சி. காசு இருந்தால் ஒரு நாள் பிக்காடில்லியில் தி வுல்ஸ்லி. ஞாயிறு என்றால் பிரிக் லேனில் பைகல் பேக் என்ற வளைய ரொட்டிக் கடை. மூன்றாம் நாள் எப்படியும் அம்மாவுக்கு நாக்கு செத்துப்போயிருக்கும், அன்றைக்கு நம் கடைகள் நிறைந்த ஈஸ்ட்ஹாம். பிரஞ்சுக்கு என்று வரிசையில் நிற்கிற இடம் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. ஏன் என்பதுதான் மீதிக் கதை.

நான் உணவு விமர்சகன் இல்லை. சாப்பாட்டை நான் பார்த்தது பெரும்பாலும் சாப்பிட்டு முடித்த தட்டில்தான். 2021 செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க வந்தேன். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சனி, ஞாயிறில் ஒரு பிரஞ்ச் கடையில் கிச்சன் போர்ட்டர். சுருக்கமாக கே.பி. என்பார்கள். பாத்திரம் கழுவுகிறவன் என்று அர்த்தம். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்.

அந்தக் கடை வாசலில் சனிக்கிழமை பதினோரு மணிக்கு முக்கால் மணி நேர வரிசை நிற்கும். உள்ளே வந்ததும் எக்ஸ் பெனடிக்ட் கேட்பார்கள், ரொட்டிமேல் ஓடில்லாமல் தண்ணீரில் வேகவைத்த முட்டை. அந்த போச்டு முட்டை அவர்களுக்காக அப்போதுதான் வேகிறது என்று நினைப்பார்கள். காலை ஆறரைக்கே டஜன் கணக்கில் வேகவைத்து ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்திருப்போம். ஆர்டர் வந்தால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பதுதான். தப்பு என்று சொல்லவில்லை, கூட்டம் வருகிற சமையலறையில் வேறு வழி கிடையாது. அவகாடோ டோஸ்ட், மேலே முட்டை, ஒரு காபி, 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்தால் பில் இருபது பவுண்டைத் தாண்டிவிடும். அந்தச் சார்ஜ் பில்லில் தானாகவே ஏறி வரும். "விருப்பப்பட்டால்" என்று பொடி எழுத்தில் இருக்கும், யாரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. அதில் ஒரு பென்னி என் கைக்கு வந்ததில்லை. மணிக்கு 9.50 பவுண்டு, அப்போதைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, அவ்வளவுதான். டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1. நான் வேலையை விட்டது 2023 பிப்ரவரி. என் ராசி அப்படி.

'பிரஞ்ச்' என்ற சொல்லையே கண்டுபிடித்தது இங்கிலாந்துக்காரர்தான். 1895இல் கை பெரிங்கர் என்பவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார்: சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலையில் அவசரமாக எழ வேண்டியதில்லை, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே சாப்பிடலாம் என்று. நல்ல யோசனைதான். அவர் கணக்கில் ஆறரை மணிக்கே முட்டை வேகவைக்கிறவன் வரவில்லை.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள் என்று தெரியும். "படிக்கப் போனியா, பாத்திரம் கழுவப் போனியா?" எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். அவர் எழுந்து போன இலையை யாரோ எடுத்தார்கள், அது அவர் கண்ணில் படவில்லை.

வீட்டில் நான் சொல்லவில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். 2023 ஜனவரியில் பட்டமளிப்புக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா கோவில்பட்டியில் டீ மாஸ்டர். முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் முன்னால் நின்றவர். பாதிக் காலம் அடுத்தவர் கடையில், மீதி சொந்தக் கடையில். வந்த முதல் நாளே ஜெட்லாக்கில் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டார். "இந்த ஊர்ல காலையில டீக்கடை எங்கல இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டில் டீ போடலாமே என்பீர்கள். ஈஸ்ட்ஹாமில் ஐந்து பேர் இருந்த வீட்டில் ஒரு அறை எனக்கு. வீட்டு உரிமையாளரின் உத்தரவு: காலை எட்டுக்கு முன் அடுப்படிக்குள் போகக்கூடாது, தாளிக்கவே கூடாது. ஒருமுறை வெங்காயம் வதக்கியதில் புகை அலாரம் அலறிவிட்டது, அதிலிருந்து. காலி செய்தபோது முன்பணத்தில் 180 பவுண்டைப் பிடித்துக்கொண்டார், சுவரில் மசாலா வாடையாம். அவரும் நம்ம ஆள்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அவர் வீட்டில் என்ன லாவெண்டரையா தாளிக்கிறார்கள்? இங்கிலாந்தில் வீட்டை முறையாக வாடகைக்கு விட்டால் முன்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் போட்டுவைக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அறை தேடும் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் முதல் நாளே அதைக் கேளுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, டீக்கடை. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வரை போய் அங்கிருந்து நடந்தோம். ஜனவரியில் ஏழரை மணிக்கும் நல்ல இருட்டு. அப்பா குரங்குக் குல்லா, அம்மா புடவைக்கு மேல் என் ஜாக்கெட். ரீஜன்சி கஃபே ஒரு தெரு முனையில் இருக்கிறது. வெளியே கறுப்பு டைல்ஸ், உள்ளே கட்டம் போட்ட சின்னத் திரைச்சீலை, கண்ணாடியெல்லாம் ஆவி. 1946இல் ஆரம்பித்த கடை. இப்படிப்பட்ட கடையை இவர்கள் கஃபே என்று சொல்வதில்லை, 'காஃப்' என்பார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட கட்டடத் தொழிலாளி, டாக்ஸிக்காரர், கோட்டு சூட்டு அதிகாரி எல்லோரும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நமக்கெல்லாம் விசா கொடுக்கிற உள்துறை அமைச்சகம் பக்கத்துத் தெருவில்தான். எனக்கு விசா முத்திரை குத்தியவரேகூட அன்றைக்குப் பக்கத்து மேசையில் பீன்ஸ் தின்றுகொண்டிருந்திருக்கலாம்.

அங்கே முறை இதுதான்: முதலில் வரிசையில் நின்று கவுண்டரில் ஆர்டர் சொல்லிக் காசு கட்ட வேண்டும், பிறகுதான் உட்கார வேண்டும். இடம் பிடிக்கத் துண்டு போடும் வேலை அங்கே நடக்காது. தட்டு தயாரானதும் கவுண்டரில் இருக்கும் அம்மா ஒரு சத்தம் போடுவார். மைக் கிடையாது. அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? செட் பிரேக்ஃபாஸ்ட் என்றால் முட்டை, பேக்கன், சாசேஜ், பீன்ஸ் அல்லது தக்காளி, டோஸ்ட், கூடவே டீ. அப்பா பன்றி சாப்பிடமாட்டார். அம்மாவுக்கு அன்று வெள்ளிக்கிழமை. அதனால் முட்டை, தக்காளி, பீன்ஸ், டோஸ்ட், 'பபிள் அண்ட் ஸ்க்வீக்' என்று பிரித்துச் சொன்னேன். இந்தக் கடைசி ஐட்டம் முந்தின நாள் மிச்சமான உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து வறுப்பது. சட்டியில் போடும் சத்தம்தான் அதன் பெயர். "நேத்து மிச்சமா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். "அதானே பாத்தேன், ருசியா இருக்கு" என்றாள். பீன்ஸை ஒரு வாய் வைத்துவிட்டு, மொச்சைக் குழம்பில் யாரோ சர்க்கரையைக் கொட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தாள். இந்த டின் பீன்ஸ் 1886இல் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்ற பெரிய இடத்துக் கடையில் ஆடம்பரச் சரக்காக இறங்கியதுதான் என்று சொன்னேன். நம்பவில்லை.

அப்பா சாப்பாட்டைக் கவனிக்கவே இல்லை. கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நம் தட்டு வருவதற்கு முன், அந்த அம்மா வாயைத் திறப்பதற்கும் முன், எழுந்து போய்க் கவுண்டரில் நின்றுவிட்டார். தட்டு வந்தது, நம்முடையதுதான். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நமக்கு முன்னால நாலு பேரு. மூணாவது ஆளு ரெண்டு தட்டு சொன்னான். அப்ப ஆறாவது தட்டு நம்மது. அந்தம்மா ஒரு துண்டுச் சீட்டுகூட பாக்கல, பாத்தியா?" என்றார். டீயைப் பற்றித் தீர்ப்பு: "டிகாக்‌ஷன் நல்லா இறங்கியிருக்கு. ஆத்தாமக் குடுக்கான்."

அந்த இடத்தில்தான் சொன்னேன், நூலகம் இல்லை, பாத்திரம் கழுவுகிறேன் என்று. ஏன் அங்கே வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா டோஸ்டைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "முட்டைத் தட்டா?"

"ஆமாப்பா, நெறைய."

"மஞ்சக்கரு காஞ்சு போச்சுன்னா பச்சத் தண்ணியில ஊறப் போடணும். சுடுதண்ணி ஊத்துனா வெந்து ஒட்டிக்கிடும். சொல்லிக் குடுத்தானுவளா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று வாரம் சுடுதண்ணீரை ஊற்றிச் சுரண்டிச் சுரண்டி நகம் போன பிறகு நானாகத்தான் கண்டுபிடித்தேன். அவரிடம் மாதக்கணக்கில் மறைத்த விஷயம், ஒரு போனில் கேட்டிருக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை, நான் வேலை பார்த்த கடையைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். வாசல் வரிசையையும், உள்ளே காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு லேப்டாப் தட்டிக்கொண்டிருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவன எழுப்பி விட மாட்டாங்களா?" என்றார். மாட்டார்கள் என்றேன். "பந்தி நடத்தத் தெரியாதவன் கடை" என்று திரும்பி நடந்துவிட்டார்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்லிச்சி 1900இலிருந்து ஒரே இத்தாலியக் குடும்பம் நடத்துவது. உள்சுவர் முழுக்க மரத்தில் இழைத்த வேலைப்பாடு, 1946இல் செய்தது. 2005இல் அந்தக் கடையைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்த்திவிடுவார்கள், அப்பா அம்மாவுக்குக் கூச்சம் இருந்தால் யோசியுங்கள். பைகல் பேக் 24 மணி நேரமும் திறந்திருக்கும். பிரபலமானது சால்ட் பீஃப், அது மாட்டிறைச்சி, தெரிந்தே கேளுங்கள். வேண்டாதவர்களுக்குப் புகையூட்டிய சால்மன் மீன், கிரீம் சீஸ் வைத்தது இருக்கிறது. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

வுல்ஸ்லி 1921இல் கார் ஷோரூமாகக் கட்டியது, பிறகு வங்கி ஆனது, 2003இலிருந்து உணவகம். முதல் சம்பளத்தில் தனியாகப் போனேன். அங்கே 'கெட்ஜரி' கேளுங்கள். நம் நாட்டுக் கிச்சடியை வெள்ளைக்காரன் கொண்டுபோய், புகையூட்டிய மீனும் முட்டையும் போட்டுக் காலைப் பலகாரம் ஆக்கிக்கொண்டது. போனில் சொன்னபோது அம்மா, "கிச்சடியில கருவாடா?" என்று கேட்டாள்.

டிஷூம் ஏன் இல்லை என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். பம்பாய் இரானிக் கடைப் பாணி, நல்ல இடம்தான். வாரநாளில் ஒன்பது மணிக்குள் போனால் போங்கள், சாயா திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். ஈஸ்ட்ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த் முழுக்க நம் கடைகள். சரவண பவனில் பொங்கல் வடை சாப்பிடுவதை நான் குறைசொல்லவில்லை. ஐந்து நாளும் அங்கேயே போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரீஜன்சியும் பெல்லிச்சியும் ஞாயிறு விடுமுறை. காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். கவுண்டரில் ஆர்டர் சொல்லும்போது யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், பின்னால் நிற்கிறவர் வேலைக்குப் போக வேண்டும்.