ரிலீஸ் தள்ளிப்போன இயர்பட்ஸ்: காத்திருக்கவா, இருப்பதில் ஒன்றை வாங்கவா? – கேள்வி பதில்

இந்த மாதம் கடைக்கு வரும் என்று விளம்பரம் செய்த ஒரு வயர்லெஸ் இயர்பட்ஸ் தேதி சொல்லாமல் தள்ளிப்போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருந்த நெல்லைச் சீமைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும் இவை.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, நான் எதிர்பாத்துக்கிட்டு இருந்த மாடல் தள்ளிப் போயிட்டு. கடயில கேட்டா அடுத்த மாசம் வந்துரும்னு சொல்லுதாவ. காத்துக் கெடக்கவா, இருக்கதுல ஒண்ண வாங்கிரவா?

தம்பி, இப்போது கையில் வேலை செய்கிற ஜோடி இருக்கிறதா? இருந்தால் காத்திருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. இல்லையென்றால் கடைக்காரர் சொல்லும் 'அடுத்த மாசத்தை' நம்பி இருக்க வேண்டாம். அந்தத் தேதி அவர் கையிலும் இல்லை.

தள்ளிப்போன பொருட்களின் கதை ஒரே மாதிரி முடிவதில்லை. ஆப்பிள் தன் முதல் ஏர்பாட்ஸை 2016 செப்டம்பரில் அறிவித்து அக்டோபர் கடைசியில் தருவதாகச் சொன்னது; கைக்கு வந்தது டிசம்பரில். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் இயர்பட்ஸை 2019 அக்டோபரில் காட்டியது. அந்த ஆண்டுக்குள் வரவேண்டியது 2020 மே மாதம்தான் வந்தது. 249 டாலர் என்று சொன்ன விலை அதற்குள் 199 ஆகியிருந்தது. ஆப்பிளின் ஏர்பவர் சார்ஜிங் பலகையோ 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2019 மார்ச்சில் கைவிடப்பட்டது. இரண்டு மாதம், அரை வருடம், வராமலே போவது, மூன்றும் நடந்திருக்கிறது.

அதனால் கம்பெனி தேதி சொல்லாவிட்டால் நீங்கள் ஒரு தேதி வையுங்கள். செமஸ்டர் தொடங்கும் நாள், வேலையில் சேரும் நாள், ஏதாவது ஒன்று. அதுவரை வரவில்லையென்றால் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இயர்பட்ஸ் வருடக்கணக்கில் வைத்திருக்கிற சொத்து இல்லை. ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் ஒரு சின்ன லித்தியம் செல்தான் இருக்கிறது. பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குள் அதன் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தினம் ஒரு முழுச் சார்ஜ் அளவுக்குக் கேட்டால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் அந்த நிலை வந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் செல்லை மாற்றவும் முடியாது. இன்று ஒரு நடுத்தர ஜோடி வாங்கினால், அது தேய்கிற சமயத்தில் நீங்கள் எதிர்பார்க்கிற மாடல் வந்து, அதன் குறைகளும் வெளியே தெரிந்து, விலையும் இறங்கியிருக்கும்.

வள்ளியூர்: தெனமும் பஸ்ல திருநவேலி போயிட்டு வாரேன். புது மாடல்ல 50 டெசிபல் ஏஎன்சின்னு போட்டுருக்கு. அதுக்காவ காத்திருக்கலாமா?

அந்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏஎன்சி என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, எதிரலை எழுப்பிக் குறைக்கும் வசதி. 50 டெசிபல் என்பது ஆய்வகத்தில் ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று பொருள் இல்லை. ஏஎன்சி நன்றாக வேலை செய்வது தாழ்ந்த, விட்டுவிடாமல் ஓடும் சத்தத்தில்: பஸ் இன்ஜின் உறுமல், ரயில் பெட்டி இரைச்சல், மின்விசிறி. ஏர் ஹாரன், கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பேச்சு ஆகியவற்றின் அலைவரிசை அதைவிட உயர்ந்தது. அவற்றைத் தடுப்பது முக்கியமாகக் காதை அடைக்கும் ரப்பர் முனைதான்.

முனை சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏஎன்சியும் வீண். பெட்டியில் மூன்று அளவு கொடுப்பார்கள். பலர் நடு அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பாதிக்கும் குறைவான சத்தத்தில் தவில் நன்றாகக் கேட்கிற ஒரு பாட்டைப் போடுங்கள். காதில் இருக்கும் இயர்பட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்தும்போது தவிலின் அடி சட்டென்று கனத்தால், அந்த முனை உங்களுக்குச் சிறியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை; வலதுக்கு நடு அளவும் இடதுக்குப் பெரியதும் போடுகிறவர்கள் உண்டு.

ராதாபுரம்: காத்தாடி சைட்ல வேல பாக்கேன். ஆனி ஆடி காத்துல போன் பேசுனா எதிர்ல இருக்கவனுக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. புதுசுல 6 மைக் இருக்காம்ல?

மைக் எண்ணிக்கை காற்றுக்கு மருந்து இல்லை. காற்று மைக் துளையின் மேல் நேராக மோதும்போது மைக்குக்குள்ளேயே இரைச்சல் உண்டாகிறது. ஆறு துளை என்றால் ஆறிலும் மோதும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. தண்டு நீண்ட வடிவமா? அதில் மைக் வாய்ப் பக்கம் வரும். எலும்பு அதிர்வை உணரும் சென்சார் உண்டா? தாடை அதிர்விலிருந்து குரலை எடுப்பதால் காற்று அதை அவ்வளவாகப் பாதிக்காது. செயலியில் காற்றிரைச்சல் குறைக்கும் தனி மோட் இருக்கிறதா? இந்த மூன்றும் உள்ள மாடல்கள் இன்றே கடையில் கிடைக்கின்றன.

காற்றில் நிற்கும்போது ஏஎன்சியையும் வெளிச்சத்தம் கேட்கும் மோடையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் வெளிப்பக்க மைக்கை நம்பி ஓடுவதால், காற்றின் 'ஹூ' சத்தத்தை உங்கள் காதுக்குள்ளேயே கொண்டு வரும். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காற்றுக்கு, வாய்க்கு முன்னால் பஞ்சு மூடிய மைக் வரும் ஹெட்செட்தான் சரி. கோபுரத்தில் ஏறும்போதும் இயந்திரம் ஓடும் இடத்திலும் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நேரத்தில் எதுவும் வேண்டாம்.

முக்கூடல்: எங்க அம்ம பீடி சுத்துதாவ. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் பாட்டு, நாடகம்னு கேப்பாவ. எது வாங்கிக் குடுக்க?

தங்கச்சி, அம்மாவுக்கு இயர்பட்ஸே வேண்டாம், நெக்பேண்ட் வாங்கிக் கொடுங்கள். அதில் பெரிய செல் வைக்க இடம் இருப்பதால் பகல் முழுக்கத் தாங்கும். காதிலிருந்து நழுவினாலும் தட்டில் இருக்கிற தூளில் விழாமல் கழுத்திலேயே கிடக்கும். தொடுவிசை உள்ள மாடல் வேண்டாம். தூள் ஒட்டிய விரலுக்கு அமுக்குகிற பட்டன்தான் நல்லது. தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் 5 உள்ளதாக, அதாவது ஐபி54, ஐபி55 என்று பாருங்கள். முதல் இலக்கம்தான் தூசிக்கானது. ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தூசிக்குச் சோதித்ததாக அறிவிக்கவில்லை என்று பொருள்.

நாள் முழுக்கக் கேட்கிறவருக்குச் சத்தம் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம். அம்மா அந்த 40 மணி நேரத்தைத் தாண்டக்கூடும். போனில் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காமல், ஒரு காதில் மட்டும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி டவுன்: நான் டீச்சர். லேப்டாப்ல ஆன்லைன் கிளாஸ் எடுக்கும்போது மட்டும் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆயிருது. பாட்டு கேட்டா நல்லாருக்கு. பட்ஸ் கெட்டுப்போச்சா?

கெடவில்லை டீச்சர். பழைய புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் திறந்த உடனே லேப்டாப் பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் ஒலி ஒற்றைத் தடம், மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். அதனால்தான் மங்குகிறது.

தீர்வுக்குச் செலவில்லை. வகுப்புச் செயலியின் ஆடியோ அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் தேர்ந்தெடுங்கள். மைக் பட்ஸிடம் இல்லாததால் பாட்டு வழியே தொடரும். இந்தக் குறையை அடியோடு தீர்ப்பது எல்ஈ ஆடியோ என்ற புது புளூடூத் ஒலிமுறை. அதன் எல்சி3 கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இரு பக்கமும் நல்ல தரத்தில் போகும். ஆனால் லேப்டாப்பும் அதை ஆதரிக்க வேண்டும். அது இல்லாமல் புது பட்ஸ் மட்டும் வாங்கினால் இதே கதைதான்.

களக்காடு: எல்ஈ ஆடியோ, எல்டாக் ரெண்டும் இருக்குன்னுதான் நான் அதுக்குக் காத்திருக்கேன். சரிதான?

முதலில் உங்கள் போனைப் பாருங்கள். எல்டாக்கும் ஒரு கோடெக்தான். ஐபோனில் எல்டாக், ஏப்டெக்ஸ் கோடெக் எதுவும் கிடையாது. ஏஏசி, எஸ்பிசி இரண்டுதான். ஐபோன் வைத்துக்கொண்டு எல்டாக்குக்குக் காசு கொடுப்பது வீண். ஆண்ட்ராய்டில் எல்டாக் 8ஆம் பதிப்பிலிருந்து உண்டு. எல்ஈ ஆடியோ 13ஆம் பதிப்பிலிருந்து வந்தது, ஆனாலும் போனின் சிப்பும் இடம் கொடுக்க வேண்டும்.

அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே புளூடூத் ஆடியோ கோடெக் எது என்று தெரியும். எல்டாக்கின் உச்சம் 990 கேபிபிஎஸ். ஜங்ஷன் மாதிரி வைஃபையும் புளூடூத்தும் மொய்க்கிற இடத்தில் 990இல் வைத்தால் விட்டு விட்டுக் கேட்கும், 660க்கு இறக்குங்கள். போன் பின்பாக்கெட்டில் இருந்தாலும் விட்டுப் போகும், உடம்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுப்பதால்.

அம்பாசமுத்திரம்: தம்பி, புதுசு வரல, பழைய மாடலத் தள்ளுபடியில தாரேன்னு கடக்காரர் சொல்லுதாரு. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம் அண்ணாச்சி, பெட்டியில் அச்சிட்ட மாதமும் வருடமும் பார்த்துவிட்டு. வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும். செல்லின் வயதோ செய்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஆறு மாதத்துக்குள் செய்ததென்றால் கவலையில்லை. ஒரு வருடம் தாண்டியிருந்தால் விலை நன்றாக இறங்க வேண்டும். ஒன்றரை வருடம் தாண்டியதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சார்ஜ் இறங்கியே கிடந்த செல் சில சமயம் எழுந்திருக்காது.

வாங்கிய அன்றே சோதியுங்கள். இரண்டையும் முழுக்கச் சார்ஜ் செய்து, பாதிச் சத்தத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, இடம் வலம் இரண்டின் விழுக்காட்டையும் பாருங்கள். 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றக் கேளுங்கள். காதில் போடும் பொருள் என்று பல கடைகளில் பிரித்த பிறகு திருப்பி எடுப்பதில்லை. பழுது இருந்தால் மாற்றித் தருவீர்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் குறியும் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அதைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் பதிவு என்று காட்டும். ஃபர்ஸ்ட் காப்பி என்று விற்கிற போலிகளில் பல இங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கம்பெனிக்கு நெல்லையில் சர்வீஸ் உண்டா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்றும் விசாரியுங்கள்.

மேலப்பாளையம்: முழுப் பணமும் கட்டி முன்பதிவு பண்ணிட்டேன் காக்கா. இப்ப என்ன செய்ய?

கட்டிய ரசீது, முதலில் சொன்ன தேதி தெரியும் பக்கம், தள்ளிப்போனதாக வந்த செய்தி, மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இனி முன்பதிவு செய்தால் முழுத்தொகை கட்ட வேண்டாம்.

சேரன்மகாதேவி: ஐபிஎக்ஸ்7னா ஆத்துல குளிக்கும்போது போடலாமா?

வேண்டாம். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் அசையாமல் கிடப்பதற்கு. ஓடுகிற ஆற்றுக்கும் சோப்புக்கும் அல்ல. தண்ணீருக்குள் புளூடூத் அலையும் போகாது. பல மாடல்களில் சார்ஜ் போடும் கேஸுக்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது. ஈர பட்ஸை அதில் வைத்தாலும் கெடும்.

திசையன்விளை: புதுசு வார வரைக்கும் பழசயே ஓட்டணும். வலது பக்கம் சார்ஜ் ஏற மாட்டேங்கு, இடதுல சத்தம் கொறஞ்சிட்டு. ஏதாவது வழி உண்டா அண்ணாச்சி?

இரண்டுமே பல நேரம் அழுக்குதான். சார்ஜ் ஏறாததற்குக் காரணம் இயர்பட்டின் அடியில் இருக்கும் உலோகப் புள்ளியில் காய்ந்த வியர்வை உப்பு. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு மட்டும் நனைத்து, இயர்பட்டின் புள்ளியையும் கேஸுக்குள் இருக்கும் ஊசி முனையையும் துடையுங்கள். ஊசி முனையை விரலால் அமுக்கிப் பாருங்கள்; உள்ளே போய்த் திரும்ப எழ வேண்டும். எழாமல் சிக்கியிருந்தால் தொடர்பு கிடைக்காது, மெதுவாக அசைத்து விடுவியுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு கேஸில் வையுங்கள்.

சத்தம் குறைந்த பக்கத்தில் வலையில் காது மெழுகு அடைத்திருக்கும். ரப்பர் முனையைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பல் பிரஷால் தேயுங்கள். மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் மெழுகு உள்ளே போகும். குண்டூசியால் குத்தினால் வலை கிழியும்.

பிறகும் ஒரு பக்கம் இணையாவிட்டால் போனில் அந்தப் பெயரை அழித்துவிட்டு, பட்ஸை ரீசெட் செய்து புதிதாக இணையுங்கள். ரீசெட் முறை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். கத்திரி வெயிலில் பைக் டேங்க் பையிலோ கார் டாஷ்போர்டிலோ கேஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். இதையெல்லாம் செய்தும் முழுச் சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லையென்றால் செல் போய்விட்டது. அப்போது புது மாடலுக்குக் காத்திராமல் இருப்பதில் ஒன்றை வாங்கிவிடுங்கள்.