சேற்றுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் மண் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். நம் வயல் சேற்றை டப்பாவில் கொண்டுபோய், கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நுழைத்துத்தான் பிரிக்கிறாளாம். சேற்றுக்கு இவ்வளவு பந்தாவா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: பந்தா சேற்றுக்கு இல்லை ஐயா, அதில் குடியிருப்பவர்களுக்கு! தண்ணீர் நின்ற சம்பா வயலில் மண்வெட்டி போட்டுப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு; அடியில் கருஞ்சாம்பல், சில இடங்களில் அழுகிய முட்டை வாடை. அங்கே ஆக்சிஜன் கிடையாது. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக இரும்புத் துருவை வைத்துச் சுவாசிக்கின்றன. மீத்தேன் வாயு விடும் ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்களும் உண்டு. காற்று பட்டால் இந்தக் கூட்டம் முடங்கிவிடும்.

அதனால்தான் பெட்டி. உள்ளே நைட்ரஜன், கொஞ்சம் ஹைட்ரஜன். தப்பி நுழையும் ஆக்சிஜனைப் பல்லேடியம் வினையூக்கி ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிடும். ஒரு பேனா வேண்டுமென்றாலும் பக்கத்துச் சிற்றறையில் வைத்து, காற்றை உறிஞ்சி, நைட்ரஜன் நிரப்பி, பிறகுதான் உள்கதவைத் திறக்கலாம். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. நுண்ணுயிர்களை வளர்க்கும் கரைசலில் ரெசசூரின் சாயம் கலந்திருப்பார்கள். காற்று கசிந்தால் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மகளின் ஆய்வகத்துக்குப் போனால், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைக் கண்டு மிரளாதீர்கள், அது பெரிய பிரஷர் குக்கர்தான்.

அடுத்த முறை டப்பாவை விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். வெயிலில் மடியில் வைத்துப் போனால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.