கௌ பெல்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கேள்வி பதில்

வட மாநிலங்களில் கால்நடை மருத்துவனாக வேலை பார்த்தவன் என்பதால் கௌ பெல்ட், அதாவது பசு வளையம் என்ற பெயரைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: "மாடு" என்று மொட்டையாக எழுதாமல் பசுவா, காளையா, எருமையா என்று பிரித்துக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதுரை வாசகர்: பசு வளையம் என்பது எந்தெந்த மாநிலங்கள் சார்?

அரசு வரைந்த எல்லை எதுவும் கிடையாது, பத்திரிகைக்காரர்களும் அரசியல்வாதிகளும் புழக்கத்தில் விட்ட பெயர். உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் இந்த நாலும் யார் பட்டியலிலும் இருக்கும். 2000 நவம்பரில் இவற்றிலிருந்து பிரிந்த உத்தராகண்ட், ஜார்க்கண்ட், சத்தீஸ்கரையும் சேர்ப்பார்கள். ஹரியானாவும் டெல்லியும் வழக்கமாக உண்டு, இமாச்சலம் சிலர் பட்டியலில் மட்டும். ஆனால் மாநில எல்லையை அப்படியே கோடாகப் போட்டுவிடாதீர்கள். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி மாவட்டங்கள் ஏராளம், அங்கே மாட்டோடு மக்களுக்கு உள்ள உறவே வேறு மாதிரி.

தஞ்சாவூர்: பீமாரு மாநிலங்களும் இதுவும் ஒன்றா?

இல்லை. 1980களில் மக்கள்தொகை ஆய்வாளர் ஆஷிஷ் போஸ் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உ.பி. நாலின் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. வளர்ச்சியில் பின்தங்கியதைச் சொல்ல வந்தது, பசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோவை: குஜராத் உண்டா? அமுல் அங்கேதானே?

இல்லை. இந்தி பேசும் மாநிலங்களுக்குத்தான் இந்தப் பெயர். பாலை வைத்து வைத்ததல்ல.

சென்னை: அப்படியானால் இந்தியாவிலேயே மாடு அதிகம் இருப்பது அங்கேதானா?

எந்த மாடு? பசு, காளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் முதலிடம் மேற்கு வங்கத்துக்கு, சுமார் 1.9 கோடி. உ.பி. ஒரு மயிரிழை பின்னால், அடுத்து மத்தியப் பிரதேசம். மேற்கு வங்கத்தை யாரும் பசு வளையத்தில் சேர்ப்பதில்லை. எருமையை எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். உ.பி.யில் எருமை சுமார் 3.3 கோடி. ஹரியானாவில் பசு இனம் 19 லட்சம் என்றால் எருமை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முர்ரா எருமையின் சொந்த ஊரே ரோத்தக், ஹிசார், ஜீந்த் பக்கம்தான். காலையில் அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் முற்றத்தில் கட்டியிருப்பது சுருட்டைக் கொம்பு எருமை, டம்ளரில் வருவதும் எருமைப் பால். பசுவைக் கும்பிடுகிறார்கள், ஆனால் குடும்பத்தின் பால் கணக்கை ஓட்டுவது எருமை.

அதனால்தான் சொல்கிறேன், இது அரசியலைப் பார்த்து வைத்த பெயர், தொழுவத்தைப் பார்த்து வைத்ததல்ல. 1880களில் பசுப் பாதுகாப்புச் சபைகள் அந்தப் பக்கம் பரவியது, 1893-ல் ஆசம்கர், பலியா பகுதியில் நடந்த கலவரங்கள், 1966 நவம்பர் 7 அன்று பசுவதைத் தடை கேட்டு நாடாளுமன்றத்தை முற்றுகையிட்ட கூட்டம் இவையெல்லாம் பின்னணியில் இருக்கின்றன.

வேலூர்: குஜராத்?

மேலே சொல்லியாகிவிட்டது.

திருநெல்வேலி: பசுவைத் தாய் என்கிறவர்கள் ஏன் தெருவில் விரட்டிவிடுகிறார்கள்? வெறும் வேஷம்தானே?

வேஷம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். முன்பு காளைக்கன்று பிறந்தால் உழவுக்கு ஆகும். டிராக்டர் வந்ததும் அந்த வேலை போயிற்று. கிழடானதைச் சந்தையில் விற்று அடுத்த மாடு வாங்குவார்கள். உ.பி.யில் பசுவதைத் தடைச் சட்டம் 1955 முதலே உண்டு என்றாலும், 2017-க்குப் பிறகு கெடுபிடி கூடியதில் வாங்கி ஏற்றிப் போகவே வியாபாரிகள் பயந்தார்கள். பால் வற்றிய மாட்டுக்கும் தினமும் தீவனம் போட வேண்டுமே, கையில் காசில்லாதவன் என்ன செய்வான்? இரவோடு இரவாக அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறான். மாட்டின் காதில் அரசு குத்தும் 12 இலக்க மஞ்சள் அடையாள டேக்கை முதலில் அறுத்துவிடுவார்கள், சொந்தக்காரன் யாரென்று தெரியாமல் இருக்க. கிழிந்து ஆறிய காதோடு கோதுமை வயலில் மேயும் மாடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வயல்காரன் டார்ச்சோடு குளிரில் பரணில் உட்கார்ந்திருப்பான், அல்லது பிளேடு கம்பி கட்டுவான், அதில் சிக்கும் மாட்டுக்குத் தையல் போடுவது எங்கள் வேலை. 2018 கடைசியில் அலிகர் பக்கம் விவசாயிகள் மாடுகளை ஓட்டிவந்து அரசுப் பள்ளிகளில் அடைத்தார்கள். 2019 கணக்கில் நாட்டில் திரியும் மாடுகள் 50 லட்சம், ராஜஸ்தானிலும் உ.பி.யிலும் மட்டும் ஏறக்குறைய பாதி.

கோவை: அதெல்லாம் அங்கே. நம் ஊரில் அப்படி நடக்காது. கோமூத்திர மாநிலம் என்றால் என்ன தப்பு?

தப்புதான். 2023 டிசம்பரில் மக்களவையில் நம் எம்.பி. ஒருவர் அப்படிப் பேசி, அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டு, அவரும் வருத்தம் தெரிவித்தார். இரவு முழுக்க வயல் காக்கிறவனையும் சேர்த்துத்தான் அந்த வார்த்தை அடிக்கிறது. நம் ஊரில் நடக்காததற்குக் காரணம் நாம் புத்திசாலிகள் என்பதல்ல. பொள்ளாச்சிச் சந்தையில் விற்றால் கேரளாவுக்கு வண்டி ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

மதுரை: ஜல்லிக்கட்டு இருப்பதால்தான் நம் காளை பிழைத்தது டாக்டர், சந்தையால் இல்லை.

நல்ல காளைக்கு அது உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெர்சிக் கலப்பில் பிறக்கும் காளைக்கன்று வாடிவாசலுக்குப் போவதில்லை, நம் தொழுவங்களில் பெரும்பாலும் பிறப்பது அதுதான்.

கோவை: இருந்தாலும் தடைச் சட்டம் வடக்கின் வேலை.

தமிழ்நாட்டில் 1976-லேயே பசு, கிடாரி அறுக்கத் தடை போட்ட அரசாணை உண்டு. இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சேலம்: தொகுதி மறுவரையறையில் இவர்களுக்கு எத்தனை கூடும்?

என் துறை இல்லை. இப்போதைய கணக்கு மட்டும்: இமாச்சலத்தையும் சேர்த்தால் மக்களவையின் 543 இடங்களில் 225. மீதியைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஈரோடு: அங்கிருந்து சாஹிவால் பசு வாங்கி வரலாமா? எருமையும் பார்க்கிறேன்.

பிரித்துக் கேட்டதற்கு நன்றி. சாஹிவால் வெயில் தாங்கும், உண்ணியையும் தாங்கும். ஆனால் ரயிலிலோ லாரியிலோ வந்து இறங்கியதும் தீவனம் மாறிப் பால் குறையும், விற்றவர் சொன்ன லிட்டர் கணக்கை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள். நேரில் போய் அடுத்தடுத்து இரண்டு வேளை கறவையைப் பார்த்த பிறகு பேசுங்கள், கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான சோதனை முடிவு கையில் வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். முர்ரா வாங்குவதானால் குளிப்பாட்டத் தண்ணீர் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.